நெகட்டிவுக்குள் நான் எங்கே?

என் மச்சினிச்சி கல்யாணத்துக்கு நான் போனேனா, போகவில்லையா?

இந்த வயதில், ரிட்டயர் ஆகி நிம்மதியாக உட்கார்ந்த பிறகு, இப்படி ஒரு கேள்வி என்னைப் பிடித்து ஆட்டும் என்று நான் நினைத்ததே இல்லை. எல்லாம் ஒரு இட்லியில் ஆரம்பித்தது.

மச்சினிச்சி தேவிப்ரியாவின் மகள் சிந்துஜாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். இங்கே திருவண்ணாமலையிலேயே மண்டபம். நான் பெண்ணுக்குப் பெரியப்பா. மாமனார் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. மேடையில் எந்தப் பக்கம் நிற்பது, எந்தக் கரை போட்ட வேட்டி கட்டுவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இட்லி சாப்பிடும்போது அதை வாய்விட்டுச் சொன்னேன். அதுதான் தப்பு.

"மேடையிலயா? நீங்களா?" என்றாள் என் மனைவி ரேணுகாம்பாள்.

"பின்ன? பெரியப்பா இல்லாம மேடையா?"

"அவ கல்யாணத்துக்கே வராத மனுஷன், அவ பொண்ணு கல்யாணத்துல மேடை ஏறணுமாக்கும்!"

இட்லி பாதி வழியில் நின்றது.

"யாரு வரல?"

"நீங்கதான்."

"நான் வந்தேன்டி! கீழ்பென்னாத்தூர்ல உங்க வீட்டு வாசல்ல பந்தல். மழை வந்துச்சு. பந்தல் ஒழுகி என் இலையில ரசம் ஜாஸ்தியாச்சு."

"அது எங்க சித்தப்பா பையன் கல்யாணம்."

"மாப்பிள்ளை வந்த கார் சேத்துல மாட்டிக்கிச்சு. நான்தானே தள்ளினேன்?"

"அது மாப்பிள்ளை கார் இல்ல. சமையல்காரங்க வந்த வேன். அதுவும் நம்ம கல்யாணத்துல."

"நம்ம கல்யாணத்துல நான் எதுக்கு வேன் தள்ளினேன்?"

"அதைத்தான் நானும் இத்தனை வருஷமா கேக்கறேன்."

ரேணு பேசினால் இப்படித்தான். ஐந்து நிமிஷம் போனால் நான் பிறந்த ஊரே எனக்குச் சந்தேகமாகிவிடும். கை கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே இருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருப்பாரா என்று சொல்ல முடியவில்லை.

"ஆல்பத்தை எடு. பாத்துடலாம்."

"ஆல்பத்தைக் கரையான் தின்னு எத்தனையோ வருஷமாச்சு." அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நெகட்டிவ் மட்டும்தான் இருக்கு. எங்கப்பா பெட்டியில. பரண் மேல. அதெல்லாம் உங்களால ஆகுமா? விடுங்க."

உங்களால ஆகுமா! கேட்டீர்களா? அந்த இடத்திலேயே சபதம் செய்தேன். அத்தனை நெகட்டிவையும் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அதில் என்னை நானே கண்டுபிடிப்பேன். மேடை ஏறுவேன்.

பெட்டியை இறக்கியதில் பாதித் தூசி என் மூக்குக்குள் போய்விட்டது. மீதித் தூசிக்கு நடுவே நெகட்டிவ் சுருள்கள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லோருக்கும் வெள்ளை முடி, வெளுத்த முகம். மணப்பெண்ணே தொண்ணூறு வயதுக் கிழவி மாதிரி இருந்தாள்.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான் கறுத்த முகமும் கறுத்த முடியுமாக, நம்ம ஊர்க்காரராக லட்சணமாக நின்றுகொண்டிருந்தார்.

"ரேணு! ஓடி வா! நான் இருக்கேன்! நான்தான்!"

அவள் வந்தாள். பார்த்தாள். "இது நெகட்டிவ்ங்க. இதுல வெள்ளை கறுப்பாத் தெரியும், கறுப்பு வெள்ளையாத் தெரியும். கறுப்பா இருக்காரே, அவரு வர்ணர்."

வர்ணர் என்பது வெர்னர். ஜெர்மன்காரர். ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர். அங்கே வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கப் போன என் மாமனார் ஆதிமூலம் அவரைச் சினேகிதம் பிடித்து, பெண் கல்யாணத்துக்கும் அழைத்திருந்தார். வெர்னர் என்ற பேர் வாயில் நுழையாமல் வர்ணர் ஆக்கிவிட்டார்.

"பாருங்க," என்றாள் ரேணு. "ஜெர்மனியிலேர்ந்து ஒருத்தரு வந்திருக்காரு. இங்க இருக்கற கீழ்பென்னாத்தூருக்கு உங்களால வர முடியல."

விடுவேனா? மறுநாளே ஹாலில் ஆபீஸ் போட்டேன். கீழே எங்கள் பழைய டேப்லெட். அதில் வெறும் வெள்ளைத் திரை. அதன் மேல் நெகட்டிவ். அதற்கு மேல் பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூல் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். எதற்கு அந்த ஓட்டை என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அதன் மேல் செல்போனை வைத்தால், கேமரா நேராகக் கீழே பார்க்கும். வேறு வெளிச்சம் படக் கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். காற்றில் சுருள் பறக்கிறது என்று ஃபேனையும் நிறுத்தினேன். சித்திரை வெயில். நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு குலாம் ரசூல் பாய் வாசல் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"என்ன தருமன் சார், பட்டப்பகல்ல கதவு ஜன்னல் எல்லாம் மூடிட்டு, ஸ்டூலுக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்திருக்கீங்க? வீட்ல தண்டனையா?"

"என்னைத் தேடிட்டிருக்கேன் பாய்."

அவர் முகம் மாறியது. "நான் யார்னு தேடறதுக்குத்தானே உலகம் பூரா நம்ம ஊருக்கு வருது. நீங்க ஸ்டூலுக்கு அடியில தேடறீங்களே சார்!" என்றார். பிறகு ஒரு சுருளை வாங்கிப் பார்த்தார். "இவங்கள்லாம் யாரு? ஆசிரமத்துக்கு வந்த ஃபாரின்காரங்களா?"

"என் மாமனார் வீட்டு ஆளுங்க பாய்."

"எல்லாரும் இவ்ளோ கலரா!" என்று வியந்துகொண்டே போய்விட்டார்.

நிறத்தைத் திருப்பிப் போட ஒரு ஆப் இறக்கினேன். திருப்பினேன். வெள்ளை முடி கறுத்தது, சரி. ஆனால் மனிதர்கள் எல்லாம் நீலமாகிவிட்டார்கள். மாப்பிள்ளை கிருஷ்ணர். பெண் கிருஷ்ணர். ஐயரும் கிருஷ்ணர். நெகட்டிவில் ஊறிக் கிடக்கும் ஆரஞ்சு நிறம்தான் இப்படி நீலமாகத் திரும்புகிறதாம். அதைக் கம்மி பண்ணினால் பச்சை ஜாஸ்தி. பச்சையைக் குறைத்தால் எல்லோருக்கும் அம்மை போட்ட மாதிரி சிவப்பு.

ரேணு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் புடவை இந்தக் கலரே இல்ல."

"நான் என்னைத் தேடறேன். புடவை எந்தக் கலரா இருந்தா என்ன?"

"புடவை கலரே தப்புனா, அதுல நிக்கிற ஆளு நீங்கதான்னு யாரு நம்புவா?"

நியாயமாகத்தான் பட்டது. குழம்பியவனுக்கு எல்லாமே நியாயமாகப் படும். அவள் சொன்ன மயில்கழுத்து நிறம் வரும் வரை திருகினேன். அவள் அம்மாவுக்கு அரக்கு. தேவிப்ரியாவுக்குக் கிளிப்பச்சை பார்டர். ஒவ்வொரு படத்துக்கும் ஜவுளிக்கடை மாதிரி உட்கார்ந்து நிறம் எடுத்துப் போட்டேன். ஒரு சுருள் முடிந்தால், "இதுல இல்லியே. இதையும் பாத்துடுங்க, ஒருவேளை இருப்பீங்க" என்று அடுத்த சுருளை நீட்டினாள். நெகட்டிவ் பார்க்க வந்த இடத்தில் இவள் மட்டும் இவ்வளவு பாசிட்டிவாக இருக்கிறாளே என்று எனக்கு உருகிவிட்டது.

நலங்கு. பெண் அழைப்பு. பந்தி. பந்தியில் வரிசையாக முதுகுகள். என் முதுகை நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எது நான் என்று எப்படிச் சொல்வது? முதுகை ரேணுவிடம் காட்டி, "ஒப்பிட்டுப் பாரு" என்றேன்.

"இருக்கற வேலையில இது வேறயா? சட்டையை மாட்டுங்க. பாய் பாக்கறாரு."

நெகட்டிவ் எல்லாம் தீர்ந்தது. நான் எதிலும் இல்லை. மேடை என் கண் முன்னாலேயே ஆடிக் கவிழ்ந்தது. அப்போதுதான் பெட்டியின் அடியில் ஒரு டப்பா தட்டுப்பட்டது. உள்ளே அட்டைச் சட்டம் போட்ட குட்டிக் குட்டிப் படங்கள். ஜெர்மன்காரர் எடுத்து மாமனாருக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. இதில் நிறம் எல்லாம் அசலாகவே இருக்கும். திருப்ப வேண்டியதில்லை. நான் டப்பாவைத் திறந்த அவசரத்தில் அவை சோபாவுக்கு அடியில் சிதறின.

"ரேணு! ஸ்லைடு கீழ விழுந்துடுச்சு! எத்தனை இருக்கு பாரு!"

அவள் கூந்தலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டும் தலையிலதான் இருக்கு. நீங்க எப்போலேர்ந்து ஸ்லைடு குத்த ஆரம்பிச்சீங்க?" என்றாள்.

விளக்கிச் சொல்லிப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாக ஸ்டூலுக்கு அடியில் வைத்தேன். கடைசியில், ஆமாம், நான்! தலை நிறைய முடியோடு, மீசையோடு, வேட்டியை மடித்துக் கட்டி, கையில் பாயச வாளியோடு! என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என்னை மறுபடி சந்தித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பாரு! இதுக்கு என்ன சொல்றே?"

ரேணு கண்ணைச் சுருக்கினாள். "இது எங்க வீட்டுக் கல்யாணமே இல்ல."

"என்னது?"

"பின்னாடி நிக்கிற பொம்பளைங்களப் பாருங்க. எல்லாரும் முந்தானைய வலது தோள்ல போட்டிருக்காங்க. எங்க ஊர்ல யாரு அப்படிப் போடுவா? நீங்க வேற யாரு வீட்லயோ போயி பாயசம் ஊத்தியிருக்கீங்க."

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். யார் வீடு அது? எதற்காக அங்கே போய்ப் பரிமாறினேன்? இவளுக்குத் தெரியாமல் எனக்கு இன்னொரு மாமனார் வீடு இருக்கிறதா? இருந்தால் எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

நான் வியர்த்ததைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஸ்லைடைத் திருப்பிப் போட்டுப் பாருங்களேன்," என்றாள்.

திருப்பினேன். முந்தானைகள் எல்லாம் இடது தோளுக்கு வந்தன. கீழ்பென்னாத்தூர்ப் பந்தல் நேராக நின்றது. பின்னால் ரேணுவே நின்றாள், மயில்கழுத்தில்.

"ஆமா. நீங்கதான்," என்றாள். "எல்லா ஸ்லைடையும் அப்படியே திருப்பிப் போட்டு இன்னொருதரம் எடுத்துடுங்க."

வெற்றி மயக்கத்தில் அதையும் எடுத்தேன். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, வேட்டி எடுக்கக் கடைக்குப் புறப்பட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"எல்லாம் முடிஞ்சுடுச்சு தேவி. ஒண்ணு விடாம பண்ணிட்டாரு. கலரெல்லாம் அப்படியே இருக்கு. உன் பொண்ணு கேட்ட மாதிரியே மண்டபத்துல பெரிய ஸ்கிரீன்ல ஓட்டிடலாம். என்னது? மாமா உன் கல்யாணத்துக்கு வரலையா? யாருடி சொன்னது? அவருதானே பந்தி பூரா பாயசம் ஊத்தினாரு! அது எனக்குத் தெரியாதா?"

செருப்போடு உள்ளே போனேன்.

"ரேணு. நான் வந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? அன்னிக்கு எனக்கு ரெண்டு தரம் ஊத்தினீங்களே."

"அப்புறம் ஏன் வரலன்னு சொன்ன?"

"போன வருஷமே கேட்டேன், நெகட்டிவை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்கனு. 'ஸ்டுடியோல குடு, எனக்கு வேற வேலை இல்லியா'ன்னீங்க. கெஞ்சினா செய்ய மாட்டீங்க. வம்புக்கு இழுத்தா சோறு தண்ணி இல்லாம செய்வீங்க. செருப்பைக் கழட்டுங்க, இப்பதான் துடைச்சேன்."

கழற்றினேன். வேறு என்ன செய்வது? ஆனாலும் மேடை இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இனி என்னை யாரும் தடுக்க முடியாது. ஆதாரம் ஸ்கிரீனிலேயே ஓடப்போகிறதே!

கல்யாணத்தன்று புது வேட்டி, புதுச் சட்டை, சந்தனம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் தேவிப்ரியா ஓடி வந்தாள்.

"மாமா! நல்லவேளை வந்தீங்க! ஸ்கிரீன் பாக்கற பையன் வரல. அந்தப் படமெல்லாம் எது நேரு, எது தலைகீழுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் லேப்டாப் கிட்ட உக்காருங்க மாமா. தாலி கட்டறதுக்குள்ள ஆள வரச் சொல்லிடறேன்."

ஆள் வரவில்லை. தூணுக்குப் பின்னால் லேப்டாப்போடு நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்கிரீனில் படம் மாற மாற ஜனங்கள் கை தட்டினார்கள். "யாரு பண்ணது? யாரு பண்ணது?" என்று கேட்டார்கள். "எல்லாம் எங்க அக்கா பண்ணதுதான்" என்று தேவிப்ரியா மைக்கிலேயே சொன்னாள். ரேணு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். கெட்டிமேளம் கொட்டியபோது நான் எழுந்தேன். கால் ஒயரில் இடறி ஸ்கிரீன் இருண்டது. மண்டபமே "ஏய்" என்றது. மேடையிலிருந்து ரேணு, உட்காருங்க என்று கண்ணாலேயே சொன்னாள். உட்கார்ந்தேன்.

தாலி கட்டி, குடும்பப் படம் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லாம் பந்திக்குப் போனார்கள். பந்தி மேற்பார்வை பார்த்தவர், மாப்பிள்ளை வீட்டுக்காரர், நேராக என்னிடம் வந்து தோளில் தட்டினார்.

"ஸ்கிரீன்காரரே, உங்க ஆளுங்களுக்குச் சாப்பாடு பின்பக்கம். பேண்டு செட்டோட உக்காந்துக்குங்க."

"நான் பெண்ணுக்குப் பெரியப்பாங்க!" என்றேன். அவர் நம்பவில்லை. அந்த வழியாக வந்த ரேணுவைப் பார்த்து, "அம்மா, இவரு யாரு?" என்று கேட்டார்.

ரேணு பந்தியைப் பார்த்தாள். ஒரு இலைகூடக் காலி இல்லை. என்னைப் பார்த்தாள்.

"பேண்டு செட்டுக்காரங்க எழுந்திருக்கறதுக்குள்ள போயிடுங்க," என்றாள்.