மாமாவை ஒரே ஷாட்டில் கொன்ற கதை

இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பவனை ஊர் பொறுத்துக்கொள்ளும். குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பவனைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. நான் இரண்டாவது ரகம். அப்போது எனக்குத் தாடி இருந்தது, கறுப்புச் சட்டை இருந்தது, காரிமங்கலத்தில் எனக்கு நிகரான அறிவாளி இன்னும் பிறக்கவில்லை என்ற நினைப்பும் இருந்தது. (டீ சொல்லிவிட்டு, இரண்டு கை விரல்களையும் சதுரமாக்கி அதன் வழியாக பாய்லரைப் பார்ப்பேன். டீ மாஸ்டர் தங்கமான மனுஷர். வெந்நீரை என் மேல் ஊற்றவில்லை.)

தருமபுரியில் ஒரு செல்போன் கடை மாடியில் குறும்படத் திரைக்கதைப் பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியவருக்கும் என் வயதுதான். ஏதோ ஒரு படத்தில் ஏழாவது உதவி இயக்குநராக இருந்து பாதியில் வெளியே வந்தவர். (வந்தாரா, அனுப்பினார்களா என்று நாங்கள் கேட்கவில்லை.) ஐந்து நிமிடப் படத்துக்கு ஐந்து பக்கம் எழுதினால் போதும் என்றார். நான் கொண்டுபோயிருந்தது முப்பத்தெட்டுப் பக்கம். கதாநாயகனின் அப்பா செத்துப்போன சேதி மட்டுமே அதில் நான்கு பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் பேசுவார், நண்பன் ஒரு பக்கம் பேசுவான், கதாநாயகன் வானத்தைப் பார்த்து இரண்டு பக்கம் பேசுவான்.

“தலைவா, ‘அவன் நெஞ்சில் ஆயிரம் கேள்விகள் எழுந்தன’ன்னு எழுதியிருக்கீங்களே, இதக் கேமரா எப்படிப் பாக்கும்? எக்ஸ்ரே எடுக்கணுமா?” என்றார் அவர். வகுப்பே சிரித்தது. பிறகு அந்த நான்கு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். “அப்பா செத்துட்டாரு, அவ்வளவுதானே? ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது. ஒரே ஷாட்ல காட்டுங்க.”

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால், சேதி சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் போஸ்டர் சுவருக்குப் போய்விடும். போட்டோ, பெயர், கீழே வருந்தும் குடும்பத்தார். வசனமே தேவையில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த கர்வத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போஸ்டருக்கு ஒரு முகம் வேண்டும். என் போனில் சின்னசாமி மாமா இருந்தார். அம்மாவின் அண்ணன். தக்காளி போடுகிறவர், வாடகைக்கு டிராக்டரும் ஓட்டுகிறவர். வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை. சாவு போஸ்டருக்கென்றே எடுத்த மாதிரி ஒரு போட்டோ.

“மாமா, என் படத்துல உங்க மொகம் வருது” என்றேன்.

“என்ன ரோலுடா மாப்ளே?”

“ஹீரோவோட அப்பா.”

மாமா அன்றைக்கே போய் மீசைக்கு டை அடித்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் அந்த வீட்டில் வேறொரு பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது. மாமாவின் ஒரே மகன் சக்திவேலுக்கு முப்பத்து மூன்று வயது. நான்கு வருடமாகப் பெண் தேடினார்கள். காட்டில் விவசாயம் செய்கிற பையனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. கடைசியில் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு குடும்பம் சம்மதித்து, ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. பிடித்துப்போனால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் நான் கலைஞனல்லவா, இந்த மாதிரி சில்லறை விஷயங்களில் தலையிடுவதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போனேன். போட்டோவைப் பார்த்ததும் கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. “அய்யோ, நம்ம டிராக்டர்காரரா? முந்தாநேத்துகூட டீ குடிச்சிட்டு நின்னாரே!”

“சினிமாவுக்குங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சொன்னால் என் கதையைத் திருடிவிடுவார்கள் என்று பயம். (அந்தக் கதையை வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டிருந்தாலும் ஒருத்தனும் எடுத்திருக்க மாட்டான்.) தலையைக் குனிந்துகொண்டு, “பேரு மாசிலாமணின்னு போடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்” என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். “துக்கத்துல கொழம்பிப் போயிருக்கீங்க தம்பி. நீங்க போங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். மாசிலாமணியை எடுத்துவிட்டு மாமாவின் நிஜப் பெயரைப் போட்டார். அத்தை பெயரையும் சக்திவேல் பெயரையும் விசாரித்துச் சேர்த்தார். சாவு வீட்டுக்காரனுக்கு எதற்கு அலைச்சல் என்று, அச்சடித்ததை எல்லாம் தன் ஆளைவிட்டு ஊர் முழுக்க ஒட்டவும் வைத்துவிட்டார்.

ஞாயிறு காலையிலிருந்து மாமாவுக்குப் போன் மேல் போன். இவர் “அலோ” என்றதும் எதிர்முனை கட்டாகிவிடுகிறது. “டவர் இல்ல போலிருக்குது” என்று சொல்லிவிட்டுப் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நாங்களும் பின்னால் நின்றோம்.

பாலக்கோட்டுக்காரர்கள் பூ வாங்குவதற்காக பஸ் ஸ்டாண்டில் வேனை நிறுத்தியிருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் சம்பந்தி. சாவு என்று கண்ணில் பட்ட பிறகு துக்கம் கேட்காமல் திரும்பிப் போனால் அது மனுஷத்தன்மை இல்லை. பழத்தட்டையும் வெற்றிலை பாக்கையும் வேனிலேயே வைத்துவிட்டு, பூவுக்குப் பதிலாக ஒரு பெரிய மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தெருமுனையிலேயே பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் பெண்ணின் அத்தை, நல்ல குரல்.

“யாரு வூட்லயோ எழவு போல. பாவம், நல்ல நாள் அதுவுமா” என்று மாமா உச்சுக் கொட்டினார். கூட்டம் நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. மாமா இரண்டு கையையும் கூப்பி, “வாங்க வாங்க” என்றார்.

ஒப்பாரி பாதியில் அறுந்தது. ஒரு பெண் வீலென்று கத்தினாள். பெண்ணின் அப்பா மாலையும் கையுமாக நிற்கிறார், எதிரில் பிணம் சிரித்துக்கொண்டு நிற்கிறது. அவர்தான் என்ன செய்வார்? மாலையை மாமாவின் கழுத்தில் போட்டுவிட்டார்.

“எதுக்குங்க சம்பந்தி மாலையெல்லாம்?” என்று மாமா நெளிந்தார்.

அப்புறம் யாரோ போனில் எடுத்துவந்த போஸ்டரைக் காட்டினார்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். என் அத்தை தாலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போது அந்த மேதை, அதாவது நான், என்ன சொன்னேன் தெரியுமா? “இது காட்சி மொழிங்க. வசனம் இல்லாம சேதியச் சொல்றது.”

என் அம்மாவும் வசனம் இல்லாமல்தான் அடித்தாள்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “சகுனம் சரியில்லீங்க. பொறப்படறோம்” என்றார். அப்போதுதான் சக்திவேலைப் பார்த்தேன். என்னைத் திட்டக்கூட இல்லை, திரும்பி உள்ளே போனான். நான்கு வருடம் காத்திருந்தவனின் கல்யாணத்தை ஒரு சுவரொட்டியில் தொலைத்துவிட்டேனே என்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

சக்திவேல் ஒரு சொம்போடு திரும்பி வந்தான். நேராக ஒப்பாரி வைத்த அத்தையிடம் போய், “அவ்வளவு தூரத்துல இருந்து அழுதுக்கிட்டு வந்தீங்க, தொண்டை காஞ்சிருக்கும். மோர் குடிங்க” என்றான்.

அந்த அம்மாள் அவனைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், மாலையோடு நிற்கிற மாமாவைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மோரைக் குடித்து முடித்துவிட்டுத் தன் தம்பியிடம், அதாவது பெண்ணின் அப்பாவிடம் சொன்னார்: “செத்துட்டாருன்னு சேதி வந்தவங்களுக்கு ஆயுசு கெட்டிடா. அழுதவளுக்கு மோர் குடுக்கற பையன எங்க போய்த் தேடுவ? தட்ட எடுத்தாரச் சொல்லு.”

தட்டு மாற்றினார்கள். நான் அந்த நேரத்தில் வாளியும் தேங்காய் நாருமாக பஸ் ஸ்டாண்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். “எப்ப எடுக்கறாங்க தம்பி?” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழை பார்க்கக்கூட என்னை அனுமதிக்கவில்லை. படமும் எடுக்கவில்லை. இதுவரை மக்கள் பார்வைக்கு வந்த என் ஒரே படைப்பு அந்த போஸ்டர்தான்.

மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னமும் டிராக்டர் ஓட்டுகிறார், ஒரு தலைவலி கிடையாது. அதனால் சொந்தத்தில் யார் படுத்துக்கொண்டாலும் எனக்குப் போன் வருகிறது. “மாப்ளே, பெரியப்பாவுக்குச் சுகர் ஏறிப்போச்சு. போஸ்டர் ஒண்ணு அடிச்சு வுடேன்.” சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாதம் என் மாமியாரைத் தருமபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். என் மனைவி எம்.எஸ்ஸி. படித்தவள், சகுனம் ஜோசியம் எதையும் நம்பாதவள். என்னை வராந்தா ஓரமாகக் கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ஏங்க, ஊரெல்லாம் ஒட்ட வேணாம். சும்மா நம்ம தெருவுல மட்டும்.”