பத்துக்கு மூன்று

ஒரு காட்டில், ஆஸ்பத்திரி ஜன்னலை ஒட்டிய நாவல் மரத்தில் இரண்டு அணில்கள் பேசிக்கொண்டிருந்தன.

"முழங்கால் மாத்தினவங்க ஊரையே கூட்டுவாங்கன்னு சொன்னாங்கடி. இந்த டீச்சரம்மா முனகக்கூட இல்ல பாரேன். கல்லு!" என்றது ஒன்று.

அணில்கள் மெதுவாகத்தான் பேசின. ஆனால் உள்ளே படுத்திருந்தவர் யானை.

வடிவாம்பாள் டீச்சர் என்றால் அந்தக் காட்டில் தெரியாதவர் கிடையாது. முப்பத்தோரு வருடம் கட்டுரை திருத்தியவர். நின்றுகொண்டே பாடம் நடத்தியதில் நான்கு முழங்கால்களில் ஒன்று தேய்ந்துபோய், அதை எடுத்துவிட்டு உலோகத்தில் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். 'கல்லு' என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்து வந்த வலியைச் சத்தமில்லாமல் விழுங்கினார்.

அப்போது நர்ஸ் செண்பகம் ஒரு தாளோடு வந்தது. செண்பகம் ஒரு கொக்கு. டீச்சரிடம் ஏழாம் வகுப்பு படித்தது.

"வலி எவ்வளவு டீச்சர்? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க. பத்துன்னா தாங்கவே முடியலைன்னு அர்த்தம்."

'பத்துக்கு' என்று கேட்டதுமே டீச்சர் நிமிர்ந்து படுத்தார். பத்துக்கு ஆறுக்கு மேல் அவர் யாருக்கும் போட்டதில்லை. சிங்கத்தின் மகனுக்கே ஐந்தரை. கண்ணை மூடிக்கொண்டு வலியை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பார்த்தார். தொடக்கம் நன்றாக இருக்கிறது. நடுவில் கொஞ்சம் வளவளப்பு. முடிவில் இன்னும் உழைத்திருக்கலாம்.

"மூணு" என்றார்.

செண்பகம் மூன்று என்று எழுதியது. மூன்றுக்கு உண்டான மாத்திரை சின்னதாக, வெள்ளையாக இருந்தது. அந்தப் பெரிய வயிற்றுக்குள் இறங்கி, வழி தெரியாமல் எங்கோ நின்றுவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு நரி. அதுவும் டீச்சரிடம் படித்ததுதான். அதே நாள், அதே ஆபரேஷன். செண்பகம் வாசல்படி ஏறும்போதே "பத்து!" என்று நரி ஊளையிடும். அதற்கு வேளா வேளைக்கு நல்ல மாத்திரை வரும். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்யும். பிறகு வராந்தாவில் உலாத்தும்.

"டீச்சர், வலியை இப்படிச் சேர்த்துச் சேர்த்து வச்சு யாருக்குத் தரப்போறீங்க?" என்று கேட்டது நரி.

"உன்னை மாதிரி ஊளையிட எனக்குத் தெரியாதுப்பா."

"தெரியலைன்னா கத்துக்கணும். இதைத்தானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார். கால் திரும்பவில்லை. அதைத் தொட்டாலே உயிர் போனது. அதனால் பயிற்சியும் நடக்கவில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை குளியல்தான். ஆற்றில் இறங்கித் தும்பிக்கையால் வாரி இறைத்துக் குளித்தவருக்கு, குரங்கு ஆயா ஓர் எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. காலையில் காதில் தொடங்கினால் வால் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் காது காய்ந்துவிடும்.

"கொஞ்சம் குனிங்க டீச்சரம்மா. முதுகு எட்டல" என்று ஆயா அலுத்துக்கொள்ளும். எல்லோரும் பார்ப்பார்கள்.

தையல் பிரித்த பிறகு, வியாழக்கிழமை டாக்டர் வந்தார். எலும்பு டாக்டரான மரங்கொத்தி முழங்காலை நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார். மடக்கச் சொன்னார். நாற்பது டிகிரியோடு கால் நின்றுவிட்டது.

"நாளைக்குள்ள தொண்ணூறு மடங்கணும். மடங்கினா வீட்டுக்குப் போகலாம், ஆத்துல குளிக்கலாம். இல்லேன்னா இங்கேயே இருக்கணும். சொம்புதான். அப்புறம் மறுபடி மயக்க ஊசி போட்டு நானே மடக்க வேண்டியிருக்கும்" என்றார்.

பிறகு வலித் தாளைப் புரட்டினார். மூன்று, இரண்டரை, மூன்று, மூன்று.

"வலியும் ஒண்ணும் பெருசா இல்லை. ஆனா பயிற்சி பண்ணலை" என்று சொல்லிவிட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதினார்: 'திறமை உண்டு. முயற்சி போதாது.'

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தோரு வருடம் ரேங்க் கார்டுகளில் அவர் எழுதிவந்த அதே வாக்கியம். தனக்கு அதை யாரும் எழுதுவார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை.

டாக்டர் போனதும் செண்பகம் ஒற்றைக் காலில் நின்றபடி தயங்கியது.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஏழாவதுல 'மழைக்கால மாலை'ன்னு நான் ஒரு கட்டுரை எழுதினேன். நீங்க மூணு போட்டீங்க. அதே கட்டுரைக்கு ஏழு காடும் சேர்ந்து நடத்தின போட்டியில முதல் பரிசு கிடைச்சது."

"அதுக்கு?"

"இல்ல... இந்த மூணும் அந்த மூணு மாதிரிதானோன்னு..."

டீச்சர் வலித் தாளை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்தார்.

"சிவப்பு மை இருக்கா?" என்று கேட்டார்.

தும்பிக்கையால் பேனாவைப் பிடித்து, அன்றைய மூன்றை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் எட்டு என்று எழுதினார். திருத்தத்துக்குக் கீழே முறைப்படி சின்னக் கையெழுத்துப் போட்டார்.

செண்பகம் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியது. எட்டுக்கு உண்டான மாத்திரையோடு திரும்பி வந்தது. வேளை தவறக்கூடாது என்று தாளில் எழுதியும் வைத்தது.

"டீச்சர், அப்படியே என் கட்டுரைக்கும்..."

"அது மூணுதான். எழுத்துப்பிழை ஆறு."

முக்கால் மணி நேரம் கழித்து டீச்சர் காலை மடக்கினார். ஐம்பதில் முனகினார். அறுபதில் பிளிறினார். நாவல் மரத்திலிருந்து அணில்கள் இரண்டும் பொத்தென்று விழுந்தன.

"சே, இவ்வளவுதானா இந்தம்மா!" என்றது ஒன்று.

அதுவும் காதில் விழுந்தது. டீச்சர் எழுபதுக்குப் போனார். மறுநாள் மறுபடி மாத்திரை, மறுபடி மடக்கல், மறுபடி பிளிறல். மரங்கொத்தி அளந்து பார்த்தார். தொண்ணூற்றிரண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு வாரத்துக்கான மாத்திரைகளும் எந்த வேளைக்கு எது என்ற சீட்டும் அடங்கிய பையோடு வடிவாம்பாள் டீச்சர் வாசலுக்கு வந்தார். அங்கே குரங்கு ஆயா பழக்கதோஷத்தில் சொம்பு நிறையத் தண்ணீரோடு நின்றிருந்தது. டீச்சர் அதை வாங்கித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். சொம்பைத் தரையில் வைத்தார். புது முழங்காலை நன்றாக மடக்கி, காலைத் தூக்கி, சொம்பை நசுங்க மிதித்துவிட்டு ஆற்றைப் பார்த்து நடந்தார்.

நீதி: அடுத்தவர் கட்டுரைக்கு மார்க் போடுவதில் எவ்வளவு கஞ்சத்தனம் வேண்டுமானாலும் காட்டலாம், சொந்த வலிக்கு மட்டும் தாராளமாகப் போட்டுவிட வேண்டும்.