ஒற்றைச் சொல்காரர்

சொற்பொருள்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் தண்ணீர் கேட்டால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பிப்பார். தாகம் உங்களுடையது, அவருக்கென்ன? கிரேக்க நாட்டு எப்பிரஸ் மலையில் எங்கள் ஊருக்கு இந்த இனத்தில் ஒருவர்தான் வாய்த்தார். நான்தான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனுடைய மருமகன் அனஸ்தாசிஸ், வாத்தியார், ஒரு கல்யாண விருந்தில் எனக்கு ஒரே ஒரு பழைய கிரேக்கச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். வோஸ்கோ. தீனி கொடுத்துக் காப்பது என்று பொருள். மேய்ப்பன் மந்தைக்குச் செய்வதும் அதுதான், அந்தக் காலத்து அரசன் கூலிச் சிப்பாய்களுக்குச் சோறு போட்டு வைத்திருந்ததும் அதுதான், சொல்லின் வாலைக் கொஞ்சம் திருப்பினால் ஆடு தானாகவே மேய்வதும் அதுதான். நாற்பது வருடமாக இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரையே மேய்க்கிறேன். ஞானஸ்நானம், சாவு வீடு, எங்கே விட்டேன்?

சென்ற மாசியில் ஒரு காலை, எங்கள் செம்மறி ஒன்று குட்டியைப் போட்டுவிட்டுச் செத்தது. இன்னொன்றுக்குக் குட்டி செத்தே பிறந்தது. இப்படி நேர்ந்தால், செத்த குட்டியின் தோலை உரித்து அநாதைக் குட்டிக்குச் சட்டைபோல் மாட்டுவோம். தாய் மோந்து பார்த்து, தன் குட்டிதான் என்று பால் கொடுத்துவிடும். தோல் காய்வதற்குள் ஆகவேண்டும். என் தங்கை அகோரோ தோலை என் கையில் திணித்து, அநாதை கிடந்த கீழ்ப்பட்டிக்கு ஓடச் சொன்னாள். தாயை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வருவதாகவும் சொன்னாள்.

பட்டி வாசலில் பட்டணத்து மனிதர் ஒருவர் ஊற்றுக்கு வழி கேட்டார். கேட்டதோடு நின்றிருக்கலாம். நான் மேய்ப்பவனா என்றும் கேட்டுத் தொலைத்தார். போதாதா? பொருள் சொல்ல எனக்கு இரண்டு கையும் வேண்டும். தோலைக் கழுத்தில் போட்டு முடிச்சிட்டுக்கொண்டேன். மேய்ப்பனுக்கு வலக்கை, அரசனுக்கு இடக்கை. வெயில் ஏறியது. உள்ளே குட்டி கத்தியது. அதையும் உதாரணமாகக் காட்டினேன். பிறகு கத்தல் மெலிந்தது.

அகோரோ வந்தாள். அவள் ஓட்டிவந்த செம்மறி என்னைக் கண்டதும் நின்றது, கழுத்தை மோந்தது, அடித்தொண்டையில் மெல்லக் கனைத்தது. குட்டியை அழைக்கும் குரல் அது.

"அண்ணே, அவ உன்னைத்தான் புள்ளையா ஏத்துக்கிட்டா."

"முடிச்சு காஞ்சு இறுகிப்போச்சு, அகோரோ. அவிழ மாட்டேங்குது."

"அவுக்க எங்க நேரம்? குட்டிக்கு நிக்கவே தெம்பில்ல. வாயை மூடிக்கிட்டு மண்டி போடு."

எழுபத்தெட்டு வயதில் நாலு காலில் நின்றேன். குட்டியைத் தூக்கிவந்து என் மார்புக்கடியில் நுழைத்து, தோலின் நுனியை அதன் முதுகில் இழுத்துவிட்டாள். செம்மறி என் காதை நக்கியது. குட்டி கழுத்தை நீட்டியது, முட்டியது, தேடியது. கடைசியில் செம்மறியின் மடியைப் பிடித்தது. வால் ஆடியது.

பட்டணத்தார் மெதுவாக அகோரோவிடம் ஊற்றுக்கு வழி கேட்டார். முகவாயால் காட்டினாள். ஒரு நொடி வேலை.

குட்டி பிழைத்துக்கொண்டது. தாய் மட்டும் இன்றுவரை என் பின்னாலேயே வருகிறது.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு பழைய சொல்லுக்குப் பொருள் கேட்டு இவ்வளவு நேரம் நின்றவர் நீங்கள்தான். உங்கள் வீட்டில் பசியோடு ஏதாவது கத்துகிறதா, போய்ப் பாருங்கள். கத்தல் மெலிந்திருந்தால், மண்டி போடுமுன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்ளுங்கள்.