புதன்கிழமை பாதி விலை

ஊழியர்கள்கிட்ட தலைமைப் பண்பு வளரணும்னா கோல்ஃப் ஆடணும்னு தலைமையகத்துல இருந்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. அதுக்கு நம்பர் போட்டு, முத்திரை குத்தி, மேனேஜர் மேஜையில வச்சது நான்தான். குடிநீர் இணைப்பு அலுவலகத்துல தபால் கிளார்க் நான். எந்த வம்பும் என் கை வழியாத்தான் உள்ள வரும்.

கூடவே மைதானத்துக்காரங்க நோட்டீஸ் ஒண்ணு. புதன்கிழமை பாதி விலை. நாலு பேரா வரணும், மதியம் ஒரு மணிக்குள்ள பதினெட்டு குழியையும் முடிக்கணும். முடிக்கலன்னா முழு விலை. ‘சவாலான மைதானம்’னு கொட்டை எழுத்துல வேற.

மேனேஜர், கேஷியர், டிரைவர்னு மூணு பேர் தேறினாங்க. எங்க யாருக்கும் அந்த மட்டையைப் பிடிக்கக்கூடத் தெரியாதுங்கிறது குறிப்புல வரல.

“தூக்கம், நீ வாய்யா”ன்னாரு மேனேஜர்.

தூக்கம்ங்கிறது என் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நாங்க வச்ச பேர். என்னைவிட ஆறு வருஷம் ஜூனியர்.

“வெயில் ஒத்துக்காது சார்”னு கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

நான் எழுந்து நின்னேன். சூப்பிரண்டு பதவி காலியா கிடக்கு. பதினோரு வருஷமா அந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். சிபாரிசு எழுத வேண்டியவர் மேனேஜர்.

“மாடிப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது”ன்னா வீட்டுல என் மனைவி.

“இது ஏறுறது இல்லடி, தலைமைப் பண்பு.”

“எதுவா இருந்தாலும் தொப்பி போட்டுக்கோங்க.”

மைதானம் நோட்டீஸ்ல சொன்ன வாக்கைக் காப்பாத்துச்சு. முதல் குழியில மேனேஜர் வீசினாரு. மட்டை பறந்துச்சு, பந்து அங்கேயே இருந்துச்சு. டிரைவர் கை தட்டினான். “எதிர்க்காத்து சார்”னாரு கேஷியர். ஒரு இலை அசையல.

மூணாவது குழிகிட்ட ஒரு மணல் பள்ளம். அதுல மேனேஜர் பந்து இறங்குச்சு. அப்புறம் மேனேஜர் இறங்கினாரு. இருபத்திரெண்டு அடி அடிச்சாரு. பந்து வரல. மணல்தான் வந்துச்சு, பெரும்பாலும் என் மேல. மணி பத்தரை.

“இப்படியே போனா முழு விலைதான்”னு கேஷியர் அழாத குறை.

அப்பதான் என்னோட இருபது வருஷ அனுபவம் வாயைத் திறந்துச்சு.

“சார், தபால்ல போகாத உருப்படியை நாம என்ன செய்வோம்?”

“என்ன செய்வோம்?”

“ஆள் மூலமா நேர்ல ஒப்படைப்போம். விதியே இருக்கு சார்.”

மேனேஜர் மீசையில இருந்த மணலைத் தட்டிட்டு யோசிச்சாரு. “விதி இருக்குன்னா சரிதான்.”

பந்தை எடுத்துக்கிட்டு நடந்தேன், குழியில போட்டேன். பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வேணுமே? அங்க புல் வெட்டிட்டு இருந்தவர்கிட்ட வாங்கினேன். மிச்சம் பதினஞ்சு குழிக்கும் இதே ஏற்பாடு. நாலு பேர் பந்தும் என் பாக்கெட்ல. ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கிறப்ப முடிச்சிட்டோம்.

“நீ இல்லன்னா நான் இல்லய்யா!”ன்னு மேனேஜர் என்னைக் கட்டிப்பிடிச்சாரு.

அதையும் சேர்த்து எட்டு புதன்கிழமை போனோம். மச்சான் வீட்டுக்கு வந்தப்ப, “அந்த மூணாவது குழி இருக்கே மாப்ள, லேசுப்பட்டது இல்ல”ன்னு அரை மணி நேரம் பேசினேன். அந்தக் குழியில நான் ஒரு பந்துகூட அடிச்சதில்ல. ஆனா பேசப் பேச அடிச்ச மாதிரியே கை வலிச்சுது.

ஒன்பதாவது வாரம் உத்தரவு வந்துச்சு. நம்பர் போட்டேன். முத்திரை குத்துறப்பதான் படிச்சேன். புது சூப்பிரண்டு, தூக்கம்.

“சார்...”னு மேனேஜர் முன்னாடி போய் நின்னேன்.

“நான் என்னய்யா செய்யட்டும்? பொறுப்பு வகிச்ச அனுபவம் கேட்டாங்க. எட்டு புதன்கிழமை பொறுப்பா கையெழுத்துப் போட்டது அவன்தானே? ஆபீஸ்ல வேற யாருமே இல்லையே!”

“நான் எங்க சார் போயிருந்தேன்?”

“என்னைக் கேக்குற?”ன்னாரு, நிஜமாவே ஆச்சரியமா.

மனைவி விஷயத்தைக் கேட்டுட்டு, “தொப்பியாவது இருக்கா?”ன்னு மட்டும் கேட்டா.

சேதி பரவிடுச்சு. அடுத்த புதன்கிழமை மைதானத்துக்கு ஒருத்தரும் அசையல. மேனேஜர்கூட. அத்தனை நாற்காலியும் நிறைஞ்சு, பொறுப்பு எங்களைத் தேடி வரட்டும்னு காத்திருந்தோம்.

ஜன்னல்ல ஒரு அம்மா எட்டிப் பார்த்தாங்க. மனுவை நீட்டினவங்க எங்களைப் பார்த்ததும் தயங்கிட்டாங்க.

“இன்னைக்கு புதன்தானே?”

“ஆமாம்மா. என்ன வேணும்?”

“குழாய் இணைப்பு. போன புதன் பக்கத்து வீட்டுக்காரி வந்தாளாம். நீங்கல்லாம் ஆடப் போயிட்டீங்களாம், ஆபீஸ்ல ஒருத்தர் மட்டும் தூங்கிட்டு இருந்தாராம். எழுப்பினதும் கையெழுத்துப் போட்டுட்டு மறுபடி படுத்துட்டாராம். அஞ்சே நிமிஷம்.”

மனுவை வாங்கி நம்பர் போட்டேன். இனி கேஷியர் பார்க்கணும், சூப்பிரண்டு பார்க்கணும், மேனேஜர் பார்க்கணும். எல்லாரும் இருக்காங்களே.

“பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கம்மா.”

அந்தம்மா மனுவைத் திருப்பி வாங்கி மடிச்சு பையில வச்சாங்க.

“பரவாயில்ல சார். நீங்கல்லாம் மறுபடி எப்ப ஆடப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் அன்னைக்கு வர்றேன்.”