பெண் பார்க்கப் போன இடத்தில் சராசரிக் கோடு

லேப்டாப்போடு பெண் பார்க்கப் போனவன் தாம்பரம் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நானே எழுதிய பங்குச்சந்தை மென்பொருள் அப்போது என் தலைக்கேறியிருந்தது. விஷயம் எளிதுதான். ஒரு பங்கின் கடைசி இருபது நாள் விலையின் சராசரி ஒரு கோடு, ஐம்பது நாள் சராசரி இன்னொரு கோடு. சின்னக் கோடு பெரிய கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போனால் வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு. (இதைக் கேட்காமல் இரும்புலியூரில் எங்கள் தெருவை யாரும் தாண்ட முடியாது.)

மாடம்பாக்கத்தில் மஞ்சு வீடு. கேசரித் தட்டோடு வந்தவளைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இவளை விட்டால் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அவள் அப்பா முகம் கொடுத்தே பேசவில்லை. பேச்சுவாக்கில் தன்னிடம் ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கு இருப்பதாகச் சொன்னார். விடுவேனா? பக்கத்திலிருந்த அம்மா என் தொடையில் கிள்ளக் கிள்ள லேப்டாப்பைத் திறந்தேன்.

"அங்கிள், சின்னக் கோடு கீழ இறங்கிடுச்சு பாருங்க. நாளைக்கே வித்துடுங்க."

"விலை ஏறிக்கிட்டுல்ல இருக்கு தம்பி?"

"சாஃப்ட்வேர் பொய் சொல்லாது அங்கிள்!"

மஞ்சு எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தேதியைப் பார்த்தீங்களா? இந்த மாசம் இடது பக்கம் இருக்கு. போன வருஷம் வலது பக்கம் இருக்கு."

இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்த விலைப் பட்டியலில் புதிய தேதிதான் முதலில் வரும். அதைத் திருப்பிப் போடாமல் அப்படியே கோடு இழுத்திருக்கிறேன். என் திரையில் காலம் பின்னால் நடந்துகொண்டிருந்தது, ஏறுகிற பங்கு இறங்கிக்கொண்டிருந்தது. மானம் கப்பலேறியது.

"தள்ளுங்க, தேதி வரிசையைத் திருப்பிப் போட்டா சரியாயிடும்" என்று மஞ்சு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சரி, வரிசையை மாற்றினோம். அப்புறம் இருபது நாள் போதுமா, பத்து நாள் வைக்கலாமா என்று அவள் ஆரம்பிக்க, நான் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்ட, காபி ஆறிப்போனது. கடைசியில் சின்னக் கோடு ஜம்மென்று மேலே ஏறியது. என் மென்பொருள் ஜெயித்துவிட்டது!

"பையனும் பொண்ணும் தனியா கொஞ்சம் பேசிக்கட்டுமே" என்றாள் அம்மா, ஈனஸ்வரத்தில்.

"இதுக்கு மேல என்ன பேசணும்? தட்டை மாத்திக்கலாம்" என்றார் அவள் அப்பா, முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே.

இன்றும் நான் ஏதாவது பங்கின் கோட்டுப் படத்தை அனுப்பினால், இடதும் வலதும் மாறட்டும் என்று மாமனார் போனை பீரோக் கண்ணாடியில் காட்டித்தான் பார்க்கிறார். வீடே சிரிக்கிறது. சிரிக்கட்டும். பெண்ணை எனக்குத்தானே கொடுத்தார்!