எழுத்தாளர் கையில் ஸ்பானர்

"டமார்!"

சமையலறையிலிருந்து வந்த சத்தத்தில் மனைவி அலறியடித்துக்கொண்டு ஓடினாள். குழாயின் தலை எழுத்தாளர் கையில் இருந்தது. குழாய் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"சொட்டுச் சொட்டா ஒழுகுதுன்னு சொன்னியே. இப்போ சொட்டுதா பாரு!"

மூன்று நாளாக இதே கூத்துதான். ஒரே ஒரு தடவை தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் நாற்காலியே கதியாகக் கிடந்தவர் அவர். எழுதி அனுப்பிய நாற்பத்தொரு கதைகளையும் அந்த வார இதழ் 'வருந்துகிறோம்' என்ற சீட்டோடு திருப்பியனுப்பிவிட்டது. நாற்பத்திரண்டாவது கதைக்குப் பதில் வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு ஸ்பானரை எடுத்துவிட்டார்.

"இனிமே வீட்டுக்காவது உபயோகமா இருக்கேன்!"

முதல் நாள் வாஷிங் மெஷின் தானாக நடந்து வராந்தாவுக்கு வந்தது. மறுநாள் குளியலறையில் விளக்கைப் போட்டால் ஷவர் கொட்டியது. இன்று இது.

"மெயின் வால்வை மூடிட்டா போச்சு" என்று திருகினார். வால்வும் கையோடு வந்துவிட்டது.

வாசல் மணி அடித்தது. போன வாரம்தான் கீழ்வீட்டுக்குக் குடிவந்தவர், விரித்த குடையோடு நின்றார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"சார், எங்க வீட்டுக்குள்ள மழை பெய்யுது."

"அவ்வளவுதானே? இதோ நானே வந்து உங்க கூரையைச் சரி பண்ணிடறேன்!"

"ஐயையோ, வேண்டாம்!" கீழ்வீட்டுக்காரர் இரண்டு படி பின்வாங்கினார்.

"எழுதிக்கிட்டு இருந்த வரைக்கும் இந்த வீட்ல ஒரு ஆணிகூட அசைஞ்சதில்ல சார்" என்று மனைவி மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு கேஸ் அடுப்பைப் பிரிக்கப் போறாராம்."

கீழ்வீட்டுக்காரர் குடையைச் சுருக்கவும் மறந்து இறங்கிப் போனார்.

மறுநாள் காலை. பிளம்பர் ஈரம் சொட்டச் சொட்டக் கீழ்வீட்டு வேலையை முடித்துவிட்டு மேலே வந்து வால்வைப் பொருத்திக்கொண்டிருந்தார். எழுத்தாளர் அடுப்பை நெருங்கிய நேரத்தில் போன் அடித்தது. அதே வார இதழின் உதவி ஆசிரியர்!

"சார், நீங்க கடைசியா அனுப்பின கதையைத் தொடர்கதையா நீட்டணும். ஐம்பத்திரண்டு வாரம். ஆசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கார். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க மேஜையை விட்டு எழுந்திருக்கவே கூடாதாம். எழுத்தோட ஓட்டம் கெட்டுடுமாம்."

எழுத்தாளர் போட்ட கூச்சலில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஸ்பானரைப் பிடுங்கிப் பிளம்பர் பையில் போட்டவளும் அவள்தான்.

"என் எழுத்தோட ஓட்டத்தையே கண்டுபிடிச்சிட்டாரே அந்த மகான்! நேர்ல போய் அவருக்கு ஒரு கும்பிடு போடணும்!"

பிளம்பர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "படியிறங்கினா போதும் சார், கீழ்வீட்ல குடைக்கடியில உட்கார்ந்து இப்பதான் உங்க கதை உறையையே பிரிச்சுக்கிட்டு இருக்கார்."