ஃபோர் பாயிண்ட் போட்ட பூஜ்யம்

திருப்பூர் வட்டாரத்தில் பொறியியல் படித்த அத்தனை பேரிலும், கல்லூரி கொடுத்த கருத்துப் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டுப் பதில் சொன்னவன் ஒருவன்தான். அவன் என் அறைத்தோழன். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. விடுதியில் ஃபோர் பாயிண்ட் என்றால்தான் தெரியும்.

பனியன் கம்பெனிகளில் துணி ரோலை விளக்கு மேஜை மேல் ஓடவிட்டுக் குறை பார்ப்பார்கள். சின்னக் குறைக்கு ஒரு பாயிண்ட், ஹோல் எனும் ஓட்டை மாதிரிப் பெரிய குறைக்கு நான்கு. பாயிண்ட் ஏற ஏற ரோல் மோசம். குறையே இல்லாத ரோலுக்குப் பூஜ்யம். ஃபோர் பாயிண்டின் அம்மா அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் இந்த வேலையில் இருந்தார். ஞாயிறுதோறும் இவனும் போய் அதே மேஜையில் நிற்பான். மற்ற ஆறு நாளும் எங்களை மேஜை மேல் ஓடவிட்டான்.

மெஸ் சாம்பாரைக் கிளறிப் பார்த்துவிட்டு, "ஹோல். நாலு பாயிண்ட்" என்பான். ஒருநாள் சமையல்கார அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுல சாம்பாருக்கும் லைட்டு போட்டுத்தான் பாப்பீங்களா?"

"லைட்டு வேண்டாமுங்கண்ணா. வெறுங்கண்ணுக்கே தெரியுதுங்க."

பாடம் நடத்துவதில் உள்ள குறைகளுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தான். பழைய நோட்ஸை வரி மாறாமல் வாசிக்கும் பேராசிரியர் பெயருக்கு எதிரே ‘நீடில் லைன்’ என்று எழுதியிருந்தான். மெஷினில் ஒரு ஊசி கெட்டால் ரோல் நெடுக ஒரே கோடு விழும். அந்தக் கோட்டுக்கு அதுதான் பெயர். எங்கள் ஆய்வகத்தில் ஒரு நிட்டிங் மெஷின் இருந்தது. ஆயுத பூஜைக்கு உறையைக் கழற்றிப் பொட்டு வைத்து, மறுபடியும் மூடிவிடுவார்கள். அதற்கு எத்தனை பாயிண்ட் என்று கேட்டேன். "ஓடுனாத்தானுங்க குறை சொல்ல முடியும்" என்றான்.

மூன்றாம் செமஸ்டரில், வகுப்புப் பிரதிநிதியின் பிறந்தநாள் கேக்கிலும் குறை கண்டுபிடித்தான். அன்றோடு சாப்பாட்டு மேஜையில் அவன் எதிரே யாரும் உட்காரவில்லை. என் குறிப்பேட்டின்படி அந்த நாற்காலி ஏறத்தாழ முழு வருடம் காலியாக இருந்தது. நானும் உட்காரவில்லை. அந்த அறையில் அவனுக்கு வாய்த்த நான்காவது ஆள் நான். முதல் மூவரும் வார்டனிடம் சொல்லி வேறு அறைக்கு மாறிப் போயிருந்தார்கள்.

ஐந்தாம் செமஸ்டரில் ஒரு மேடம் தற்காலிகமாக வந்து சேர்ந்தார். முதல் வகுப்பிலேயே மெஷின் உறையை உருவி மூலையில் எறிந்தார். எங்களையே ஊசி மாற்ற வைத்தார். யாராவது கேள்வி கேட்டு விடை தெரியாவிட்டால், "தெரியலப்பா, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்பார். மறுநாள் சொல்லவும் செய்வார். ஃபோர் பாயிண்டின் நோட்டில் அவர் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

ஐப்பசி மாதம் இரண்டாம் வியாழன், பிற்பகல் மூன்று பத்து. அதுவரை தாளில் ‘நன்று, சுமார்’ என்று கேட்ட ஆசிரியர் கருத்தை முதன்முறையாகக் கைப்பேசியில் நிரப்பச் சொன்னார்கள். படிவத்தில் ‘பாயிண்ட்ஸ்: பூஜ்யம் முதல் நான்கு வரை’ என்று மட்டும் இருந்தது.

"கண்ண மூடிட்டு எல்லாத்துக்கும் நாலு போட்டுட்டு பஸ்ஸுக்குக் கெளம்புங்கப்பா" என்றார் வகுப்புப் பிரதிநிதி.

ஃபோர் பாயிண்ட் எழுந்து நின்றான். வகுப்பில் அவன் எல்லோரையும் பார்த்துப் பேசியது அன்றுதான். "ஒரு நிமிசமுங்க. ஒவ்வொரு செமஸ்டரும் படிப்பு எப்பிடின்னு கேக்கறாங்க. நாம ஒருக்காகூட நெசத்தச் சொன்னதில்லீங்க. இன்னைக்குச் சொல்லிப் போடலாமுங்க."

"எத்தன போட்டா நல்லதுன்னு இதுல இல்லியேப்பா?" என்றது பின்வரிசை.

"பாயிண்ட்னா குறைதானுங்களே."

வகுப்பில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்குத் துணி செக்கிங் போகிறவர்கள். மீதிப் பேரின் வீட்டில் யாராவது கம்பெனியில் இருந்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவன் மேல் இருந்த கோபத்தை மறந்து, ஐம்பத்தெட்டில் ஐம்பத்தேழு பேர் உண்மையைப் போட்டார்கள்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டப்பட்டது. நீடில் லைன் பேராசிரியர் கல்லூரியிலேயே முதலிடம். நெகிழ்ந்து போய் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். நிட்டிங் மேடம் கடைசி. அவர் பெயருக்கு எதிரே ஏறக்குறைய பூஜ்யம். செமஸ்டர் முடிந்ததும் அவருக்கு வேலை நீட்டிப்பு இல்லை என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டதாக அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

ஃபோர் பாயிண்ட் மதிய உணவுக்கு வரவில்லை. இடைவேளை முழுக்க அந்தப் பலகை முன்னாலேயே நின்றான். பிறகு ஒரு கோடு போட்ட தாளில், பாயிண்ட் என்பதைக் குறை என்று புரிந்துகொண்டோம், அவர்தான் எங்களுடைய சிறந்த ஆசிரியர் என்று எழுதி, கையெழுத்துக்காகக் கதவு கதவாகத் தட்டினான். அவன் முகத்தைப் பார்த்தாலே தாழ்ப்பாள் போடுகிறவர்களின் கதவுகள் அவை.

"என்ற பொறந்தநாள் கேக்குக்கு ரெண்டு பாயிண்ட் போட்டவன்தான நீ?" என்றார் வகுப்புப் பிரதிநிதி.

"மூணுங்க."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செவ்வாய் மாலைக்குள் ஐம்பத்தாறு சேர்ந்தது, அவனுடையது ஐம்பத்தேழு. கடைசியாக என்னிடம் வந்தான். பொய்க் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அவன் பேசியபோது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், வகுப்புப் பிரதிநிதி சொன்னபடி எல்லாருக்கும் நான்கு போட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப மேடத்துக்குச் சரியா மார்க் போட்டது நீங்க ஒருத்தருதானுங்களா?" என்றான்.

துறைத்தலைவர் தாளை வாசித்துவிட்டு, "ஃபார்ம்ல தப்பில்ல. யாரோ சொல்லிக் குடுத்திருக்கீங்க. அது யாருன்னு எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார். அவன் நின்றபடியே தன் பெயரை எழுதிக் கொடுத்தான். வருகைப் பதிவேட்டில் இருந்த நல்ல பெயரை.

மேடத்துக்கு இன்னொரு வருடம் நீட்டிப்புக் கிடைத்தது. மாணவர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக இவன் விடுதியை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. சனிக்கிழமை ஆய்வகத்தில் மேடம் அவனை மெஷின் அருகே கூப்பிட்டார்.

"எனக்கு ஜீரோ போடச் சொன்னது நீதானாப்பா?"

"ஆமாங்க மேடம். தேடித் தேடிப் பாத்தனுங்க. ஒண்ணுமே சிக்கலீங்க."

மேடம் மெஷின் பக்கம் திரும்பி, சரியாக இருந்த ஊசி ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

ஞாயிறு காலை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். அதன்பின் அருள்புரத்தில் கம்பெனி கொடுத்த அறையில், பீகார்க்காரர்கள் நான்கு பேரோடு தங்கிக் கல்லூரிக்கு வந்து போனான். அவர்கள் பேசுவது இவனுக்குப் புரியாது. இவன் பேசுவது அவர்களுக்குப் புரியாது. சாம்பாரைப் பற்றி அங்கே யாரிடம் சொல்லியிருப்பானோ.

அடுத்த வாரம் வார்டன் புது ஆளைச் சேர்க்க என் அறைக்கு வந்தார்.

"அவன் கட்டில் காலு ஒடஞ்சு கெடக்குதுங்க சார்" என்றேன்.

வார்டன் குனிந்து நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து ‘கட்டில் உடைந்துள்ளது’ என்று எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.